வாத்தியாரம்மா முன்னால் விரித்த கை

வாத்தியாரம்மா செல்லத்தாயி போய்விட்டார் என்று கோம்பையிலிருந்து போன் வந்தபோது நான் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். "சாயந்திரம் எடுக்குறாக, வந்துருங்கத்தா" என்றது குரல். அந்த வீட்டுப் படியை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். என் மகன் முருகேசனைத் தன் மாயவித்தைப் பள்ளியிலிருந்து அத்தனை பேர் பார்க்க அவர் வெளியே அனுப்பினார். அன்று அவர் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

மலைக்கு அந்தப்பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்து படித்த பள்ளி அது, உங்களுக்குத் தெரியும். வெறும் கூடையிலிருந்து புறாவைப் பறக்கவிடுவார். கைதட்டல் அடங்குமுன் கூடையைக் கவிழ்த்து, அது வந்த வழியையும் காட்டிவிடுவார். "பாத்தவுக புத்தியோட வீட்டுக்குப் போகணும். அதுதான் வித்தை" என்பார்.

இப்படிக் காட்டிவிட்டால் பிறகு யார் வருவார் என்று ஒருமுறை கேட்டேன். "ஏமாந்தவன் பயந்துக்கிட்டு வருவான் ஆத்தா. புரிஞ்சவன் ஆசையா வருவான்" என்று சிரித்தார்.

முருகேசன் தான் செய்த வித்தையின் வழியைக் காட்ட மாட்டேன் என்றான். அதனால்தான் அனுப்பினார். இப்போது அவன் பழனிசெட்டிபட்டியில் சாமி. வெறுங்கையில் விபூதி வரவழைத்துக் கொடுக்கிறான்.

ஆனாலும் சாயந்திரம் கோம்பைக்குப் போனேன். தன்னிடம் படித்தவர்கள் ஆளுக்கொரு வித்தை செய்து, அதை அங்கேயே விளக்கித் தன்னை வழியனுப்ப வேண்டும் என்று வாத்தியாரம்மா சொல்லிவைத்திருந்தார். ஒருவர் கயிற்றை அறுத்து ஒட்டினார். எப்படி என்றும் காட்டினார். இழவு வீட்டில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போதுதான் என் மகன் காரில் வந்து இறங்கினான், பக்தர்களோடு. கையைச் சுழற்றி, விபூதி உதிர்த்து, வாத்தியாரம்மா நெற்றியில் பூசினான். "சாமி!" என்று பெண்கள் அவன் காலில் விழுந்தார்கள். அவன் கையை மூடிக்கொண்டான்.

"ஏலே, எப்படின்னு சொல்லு."

"சும்மா இரும்மா. ஊரு பாக்குது."

"ஊரு பாக்கத்தான்டா சொல்லச் சொல்றேன்."

நான் அவன் கையைப் பிடித்து விரித்தேன். பெருவிரல் இடுக்கில், கஞ்சியில் பிசைந்து காயவைத்த விபூதி உருண்டை பாதி இருந்தது.

விழுந்தவர்களில் ஒருத்தி எழுந்து என்னிடம் வந்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சுகர் மாத்திரை வேண்டாம், விபூதி போதும்னு சொன்னாகளே, அது?"

முருகேசன் தரையைப் பார்த்தான். நானும் தரையைத்தான் பார்த்தேன். வாத்தியாரம்மா முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கத் தலை நிமிரவில்லை.

அவர்மேல் வைத்திருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டேன். எடுத்து வந்தது அந்தப் பெண் கேட்ட கேள்வியை. நாளை அவள் வீட்டுக்குப் போகிறேன். முருகேசன் வந்தால் அவனோடு. வராவிட்டால் நான் மட்டும், அவனைப் பெற்றவள் என்று சொல்லிக்கொண்டு.