சுத்தம் செய்து அனுப்பிய கோப்பு

போர்டக்காவுக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது. வீட்டில் டப்பா இல்லாத மூடிகளுக்கென்றே ஓர் இழுப்பறை உண்டு. "என்னையும் ஒரு நாள் அதுலதான் போட்டு வைப்பே" என்பார் கணவர்.

அலுவலகத்தில் அவள் வேலை மின்சுற்றுப் பலகை வரைவது. பெயரும் அதனால் ஒட்டிக்கொண்டதுதான். இந்தத் தடவை வரைந்தது, படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் இயந்திரத்துக்கானது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கோப்பு தொழிற்சாலைக்குப் போக வேண்டும். தவறினால் அங்கே வேறொருவருடைய பலகையைச் செய்ய எடுத்துக்கொள்வார்கள். இவர்கள் முறை மறுபடி வர இரண்டு மாதம் ஆகும்.

புதன்கிழமை எல்லாம் முடித்துத் தொழிற்சாலைக்கான கோப்பை எடுக்கும்போது மென்பொருள் படுத்துக்கொண்டது. யானை விலை கொடுத்து வாங்கிய மென்பொருள். மூடித் திறந்தாள். கணினியை அணைத்துப் போட்டாள். அது அரை மணி நேரம் யோசிக்கும், பிறகு காணாமல் போகும்.

விற்ற நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினாள். கோப்பை அனுப்பச் சொன்னார்கள். மேலாளர் குறுக்கே விழுந்தார். வரைபடம் முழுசாக வெளியே போகக் கூடாது, சுத்தம் செய்து தேவையானதை மட்டும் அனுப்பு என்றார். அவளும் பலகையை மட்டும் எடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டி அனுப்பினாள். வியாழன் காலை பதில் வந்தது: எங்களுக்கு நன்றாகத்தானே வருகிறது. மறுபடி எழுதினாள். வேறொருவர் வந்து, கணினியை அணைத்துப் போட்டீர்களா என்று முதலிலிருந்து தொடங்கினார். பழைய குருடி, கதவைத் திறடி.

மேலாளருக்கு இது வசதியாகப் போயிற்று. அந்த நிறுவனத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்டும் உதவி ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமா என்று கேட்கும் படிவம் அவள் மேஜையில்தான் கிடந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடு என்று இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளி பகல் இரண்டரைக்கு உதவிப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கடுமையான ஜலதோஷம். கோப்பு வேண்டாம், இணையம் வழியாக உங்கள் திரையைக் காட்டினால் போதும் என்றாள். போர்டக்கா மேலாளரைக் கேட்கவில்லை. காட்டிவிட்டாள்.

"மேடம், அந்தக் கோப்புல இருக்கிற எல்லாமே தெரியற மாதிரி சின்னதாக்குங்க."

பலகை எறும்பளவு ஆயிற்று. திரையின் மறுகோடியில் இன்னோர் எறும்பு. பெரிதாக்கிப் பார்த்தால், பலகையில் கம்பியைச் செருகும் ஓர் இணைப்பான். மூன்று மாதத்துக்கு முன் வேண்டாமென்று ஒதுக்கி, எதற்கும் இருக்கட்டும் என்று அவளே தூரத் தள்ளி வைத்தது. அதையும் சேர்த்து வரைய மைதானம் அளவுக்குத் தாள் விரிக்கப் பார்த்துத்தான் மென்பொருள் மூச்சுத் திணறியிருக்கிறது.

"இதை நீங்க அனுப்பவே இல்லையே மேடம்" என்று சொல்லித் தும்மினாள் அந்தப் பெண்.

புண் வந்த காலை வீட்டில் விட்டுவிட்டு மற்றதை வைத்தியரிடம் காட்டினால் அவர்தான் என்ன செய்வார்?

"தூக்கிடலாமா?"

"வேண்டாம்மா. எதுக்கும் இருக்கட்டும்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அப்போ பலகைக்குப் பக்கத்துலயே வச்சுக்குங்க. எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

மூன்று நாற்பதுக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது. போர்டக்கா படிவத்தை இழுத்து, நீட்டிக்க வேண்டும் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் தன் இணைப்பானை மறைக்காமல் எழுதி, கோப்பைச் சுத்தம் செய்து அனுப்பியதில் இரண்டு நாள் போயிற்று என்பதையும் சேர்த்தாள்.

மேலாளர் படித்தார். யார் சுத்தம் செய்யச் சொன்னது என்று கேட்க வாயெடுத்தவர், பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.