மூன்று இருபது

சைராகுல் இரும்பு அடுப்பின் சாம்பலை அள்ளி வாளியில் கொட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் எழுந்திருப்பதற்குள் அடுப்பு எரிந்து தேநீர் கொதித்திருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாள் கையில் எடுத்த வேலை. தலை நரைத்து, இரண்டாம் வகுப்பு டீச்சராக ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த பிறகும் அது அவளுடைய வேலைதான். கணவர் மந்தையோடு குளிர்கால மேய்ச்சலுக்குப் போயிருந்தார். கொழுந்தனும் அவன் மனைவியும் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தார்கள். அவர்களுடைய மகள் ஐசிரெக் பேச்சு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில்தான் வளர்கிறாள்; இப்போது சைராகுலின் வகுப்பிலேயே படிக்கிறாள்.

வாளி நிறைந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் வகுப்பில் நடந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க தமாரா என்ற அதிகாரி தலைநகரிலிருந்து வந்திருந்தார். ஐசிரெக்கின் கையில் கொடுத்த தாளில், 'எங்கள் தாத்தாவிடம் அறுபது ஆடுகள் இருக்கின்றன' என்று ஒரு வரி. குழந்தை தடங்கல் இல்லாமல்தான் ஆரம்பித்தாள். 'அறுபது' வந்ததும் நின்றாள். சைராகுலின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு "மூணு இருபது" என்று வாசித்துவிட்டு மேலே போனாள். அறுபத்தைந்து எழுதச் சொன்னதற்கு 3205 என்று எழுதிக் காட்டினாள். பின்பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதிகாரி கோபக்காரர் இல்லை. சைராகுலைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார். "இந்தப் பொண்ணு எழுத்தைப் பாக்கல டீச்சர், உங்க மூஞ்சியப் பாத்து ஊகிக்குது. வியாழக்கிழமை திரும்பி வர்றேன். அப்பவும் இப்படித்தான்னா படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு நகரத்துல இருக்கற தனிப் பள்ளி விடுதிக்கு எழுத வேண்டியிருக்கும்."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

அவர்கள் மொழியில் அறுபதுக்கு உள்ள சொல்தான் மாமனாரின் பெயர். அவருடைய தாத்தாவுக்கு அந்த வயது ஆனபோது பிறந்தாராம், அதையே பெயராக வைத்துவிட்டார்கள். மாமனாரின் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது. பெயர் மட்டுமல்ல, அந்தச் சொல்லே வரக்கூடாது. பக்கத்து வீட்டு மருமகள் ஓநாயை 'ஊளையிடறது' என்பாள். அவள் மாமனார் பெயரில் ஓநாய் இருந்தது. சைராகுலுக்கு அறுபது என்பது மூணு இருபது. வீட்டில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பள்ளிக்கூடத்திலும் அவள் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பதுக்கு அப்புறம் தொண்டை தானாகவே வேறு வழியில் திரும்பிவிடும். மற்ற பிள்ளைகள் அதை டீச்சரின் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். கடையிலும் தெருவிலும் உண்மையான சொல் அவர்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஐசிரெக்குக்கு மட்டும் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே வாய்.

பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியைகளிடம் அவள் அடித்துச் சொல்வது ஒன்று உண்டு. எழுத்துக்கு அடியில் விரல் ஓடணும், படத்தைப் பாத்து வாசிக்க விடாதீங்க, உங்க மூஞ்சியப் பாத்து வாசிக்கவே விடாதீங்க. கணக்கும் அப்படித்தான், கையில் எண்ணாமல் வாயால் எண்ணினால் ஒட்டாது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். அவள் வகுப்பிலோ ஒரு குழந்தை இத்தனை நாளும் ஒரு சொல்லை அவள் முகத்திலிருந்துதான் வாசித்திருக்கிறாள்.

தேநீர் குடிக்கும்போது மாமனார் விஷயத்தைக் கேட்டார். "பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியலையாமா? நீ சொல்லிக்குடுத்தா என் குதிரைகூடக் கூட்டுமே."

ஒரே ஒரு எண்ணில்தான் சிக்கல் என்றாள்.

"எந்த எண்ணு?"

பெரியவர்களுக்குக் கொடுக்கும் முறைப்படி கிண்ணத்தைப் பாதி மட்டும் நிரப்பி இரண்டு கையாலும் நீட்டியபடி, "ஐம்பத்தொன்பதுக்கு அடுத்தது, அத்தா," என்றாள்.

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "நல்ல எண்ணாச்சே அது." பிறகு சிரிப்பு நின்றது. அந்தச் சொல்லைச் சொல்ல அவள் அனுமதி கேட்கிறாள் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ரொட்டியைப் பிட்டுத் தேநீரில் நனைத்துக்கொண்டார்.

பள்ளி விட்டு வந்ததும் சைராகுல் தாழ்ந்த மேஜையில் பாடப்புத்தகத்தை, அதிகாரியின் தாளில் இருந்த அதே வரி வரும் பக்கத்தில் விரித்தாள். மாமனார் வழக்கம்போல வாசலுக்கு எதிரே பெரியவர்களுக்கான மெத்தையில் உட்கார்ந்து, அறுந்த கடிவாளத்தை ஊசிபோட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைப் பையிலிருந்து கொட்டி, பத்துப் பத்தாகக் குவிக்கச் சொன்னாள். குழந்தை இருபது இருபதாகக் குவித்தாள். சைராகுல் கலைத்துவிட்டு மறுபடி குவிக்க வைத்தாள். ஆறு குவியல் வந்தது, ஐந்து எலும்பு மிஞ்சியது. பிறகு அந்தச் சொல்லுக்கு அடியில் விரலை வைத்தாள். ஐசிரெக் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், ஒன்றுகூடத் தப்பில்லை. சேர்க்கச் சொன்னதும் உதட்டை மூடிக்கொண்டாள்.

"தெரியுதுல்ல?"

"தெரியும் பெரியம்மா."

"அப்பச் சொல்லு."

குழந்தை குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்ல மாட்டீங்கல்ல. நான் மட்டும் சொன்னா மரியாதை தெரியாத பொண்ணும்பாங்க."

"இங்க வேண்டாம். வியாழக்கிழமை அந்த அதிகாரிகிட்டச் சொல்லிடு. அங்க தாத்தா இருக்க மாட்டாரு."

"நீங்க இருப்பீங்களே."

அடுப்பில் கரி சரிந்து விழுந்தது. சோதனை அன்று வகுப்புக்கு வெளியே போய் நின்றுகொள்ளலாமா என்று சைராகுலுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அதற்கடுத்த வாரம்? எழுபதுக்கு இவளை எந்தச் சொல்லின் வழியாகக் கூட்டிக்கொண்டு போவது? மாமனாரை அவள் பார்க்கவில்லை. தன் விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, வகுப்பில் படிக்கிற பிள்ளையைப் போல ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"அல்திமிஷ்."

சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த மாமனாரின் கை அப்படியே நின்றது.

ஐசிரெக் தாத்தாவைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். அந்த முகம் புத்தகத்தை விட்டு நிமிரவில்லை, அதில் வாசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. குழந்தை குனிந்து விரலை வைத்தாள். 'எங்கள் தாத்தாவிடம்' என்று தொடங்கி, நடுவில் நிற்காமல், அந்தச் சொல்லையும் சொல்லி வரியை முடித்தாள். மிஞ்சிய ஐந்து எலும்புகளை ஆறு குவியலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள் சைராகுல். குழந்தை எண்ணிப் பார்த்து 65 என்று எழுதினாள்.

மாமனார் கடிவாளத்தைச் சுருட்டி மெத்தையில் வைத்தார். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்து உள்பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அத்தா, டீ ஊத்தட்டுமா?" என்று சைராகுல் எழுந்தாள்.

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"தாத்தா, நான் சரியா வாசிச்சேனா?" என்றாள் ஐசிரெக்.

அவர் தாழ்ந்த நிலைவாசலில் தலை குனிந்து வெளியே போனார்.