ஆல்பி கிரிம்ஷாவின் பெயர்

எந்த ஊருக்குப் பாடப் போனாலும் பெர்ட்டி கிளெக் முதலில் அரங்கின் வாசற்காவல்காரரைத்தான் பிடிப்பான். "இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பேரு சொல்லுங்க" என்பான். அவனுடைய பாட்டில் ஒரு குடிகாரன் வருவான். பெண்டாட்டிக்குப் பயந்து நிலக்கரிக் கிடங்கில் ஒளிந்துகொள்வான். அவனுக்கு உள்ளூர்ப் பெயரைச் சூட்டினால் போதும், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். தெரிந்தவன் மாட்டிக்கொள்வதைப் போல வட இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர்களுக்குச் சந்தோஷம் வேறில்லை.

இந்த ஒரு பாட்டையும் உகுலேலே என்ற நாலு நரம்பு வாத்தியத்தையும் வைத்து இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டான். சுவரொட்டியில் அவன் பெயர் எப்போதும் கடைசி வரிதான். போர் வந்து அரங்குகள் மூடியபின், ஆலைகளில் சாப்பாட்டு வேளைக் கச்சேரிதான் மிஞ்சியது. 1941இல் ஓல்டம் பக்கத்து வெடிகுண்டு ஆலை ஒன்றில் அவன் பாடப் போன அன்று, பாடகர் தேடி வந்த வானொலிக்காரர் ஒருவர் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இது தவறினால் சின்ன வயதில் தப்பி வந்த பஞ்சாலைக்கே திரும்ப வேண்டியதுதான் என்று பெர்ட்டிக்குத் தெரியும். வயது நாற்பத்தாறு.

"ஆல்பி கிரிம்ஷா" என்று பெயர் கொடுத்தார் ஆலைக் காவல்காரர். அவர் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

பெர்ட்டி அந்தப் பெயரைப் பாடினான். கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது.

"அட பாவி மனுஷா" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "எந்திரத்துல மாட்டிச் செத்து, நேத்துத்தான் அவரைப் பொதைச்சோம். அந்தா உக்காந்திருக்கு பாரு, அவரு சம்சாரம். அதுக்கும் இங்கதான் வேல."

மேபல் கிரிம்ஷா மெல்ல எழுந்தாள். "நிறுத்தாதப்பா. அவரு இருந்தா சிரிச்சிருப்பாரு. ஒரு தடவ முழுசாப் பாடிடு."

பாடினான். அவள் மேசையில் தாளம் போட்டாள். நானூறு பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். வானொலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே வாய்ப்புக் கொடுத்தார். "பேரை மட்டும் மாத்திடாதீங்க. பாட்டுல நல்லா உக்காருது" என்றார்.

பெர்ட்டி மாற்றவில்லை. ஏழு வருஷம் நாடு முழுக்க அந்தப் பெயர் ஒலித்தது. சுவரொட்டியின் முதல் வரிக்கு வந்தான். பிளாக்பூலில் கடலைப் பார்த்த வீடு வாங்கினான். ஒரு நாள் அந்த ஊர் அரங்கில் மதியக் காட்சிக்கு முன் மேபல் வந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா, டீ சொல்றேன்."

"வேணாம். நான் ஒரு தடவதானே பாடச் சொன்னேன்?"

பெர்ட்டி உகுலேலேயைக் கீழே வைத்தான்.

"அவரு சர்ச்சுக்காரரு. ஒரு சொட்டு தொட்டதில்ல. அது தெரிஞ்சதாலதான் எங்க ஆளுங்க சிரிச்சாங்க. ஊரு உலகத்துக்கு அது தெரியுமா? எம் பொண்ணு குடிகாரன் மகளாயிட்டா. மீன் கடையில நின்னா, 'கரிக் கிடங்கு சௌக்கியமா'ன்னு கேக்குறாங்க."

பெர்ட்டிக்கு முகம் எரிந்தது. "இன்னிக்கே மாத்திடறேன். நீங்களே உக்காந்து கேளுங்க" என்று முன்வரிசையில் இடம் கொடுத்தான். மனதாரத்தான் சொன்னான்.

மேடையில் தன் பெயரையே போட்டுப் பாடினான். மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஆல்பி எங்கப்பா, கிடங்குலயே தூங்கிட்டானா?" அரங்கம் முழுக்கக் காலால் தரையைத் தட்டத் தொடங்கியது. பழைய பெயரையே பாடு என்று திரைமறைவிலிருந்து மேலாளர் கையை ஆட்டினார். விரல் தானாகத் திரும்ப மீட்டியது என்று பெர்ட்டி பிற்பாடு சொல்லிக்கொண்டான். விரல் தானாக எதையும் செய்வதில்லை. பயந்துவிட்டான், அவ்வளவுதான். ஆல்பி கிரிம்ஷா என்று பாடினான்.

மேபல் எழுந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.