எண்ணெய் தேய்த்த கையோடு படகில்

மேலகரத்திலிருந்து குற்றாலம் போய், என் கணவர் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து முடித்த நேரம், வெள்ளம் என்று அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். சும்மா நிற்பானேன் என்று அப்படியே பக்கத்துக் குளத்தில் பெடல் படகு ஓட்டப் போனோம்.

"எண்ணெ உடம்புல இந்த லைஃப் ஜாக்கெட்ட வேற போடச் சொல்லுதியே!" என்று எரிந்து விழுந்தார்.

"போட்டாத்தான் நான் ஏறுவேன்" என்றேன்.

சாரலில் பெடல் மிதிப்பது சுகமாகத்தான் இருந்தது. நடுக்குளத்தில் போட்டோ எடுக்க எழுந்தவர், வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். எட்டிக் கையைப் பிடித்தேன். விரால் மீன் மாதிரி நழுவிவிட்டது.

"பயப்படாதீங்க அண்ணாச்சி, ஜாக்கெட் தாங்கும்!" என்று கத்திக்கொண்டே வந்த படகுக்காரர் தூக்கிவிட்டார்.

இப்போதெல்லாம் அவர், அருவியில் குளிக்க விடுகிறார்களா என்று கேட்ட பிறகுதான் எண்ணெய்க்கு உட்காருகிறார். நானோ, படகில் அவர் கையைப் பிடிப்பதே இல்லை. ஜாக்கெட் வாரைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.