முகூர்த்தம் பார்த்த கழிப்பறை

துறைமுக அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே மகளிர் சேவைச் சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். என் சேவை மனப்பான்மையைப் பார்த்து அல்ல. சங்கத்தில் எல்லோருக்கும் பேசத் தெரிந்திருந்தது. பேசியதைத் தீர்மானமாக எழுத ஒருவருக்கும் தெரியவில்லை. வேலைக் காலம் முழுவதும் கோப்பில் குறிப்பெழுதிய ஒருத்தி ராயபுரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் சால்வையோடு வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் ஆனேன்.

எங்கள் சங்கம் உலகளாவியது. இதைக் கூட்டத்துக்கு ஒருவராவது நினைவூட்டுவார், மறந்துபோய் உள்ளூரில் ஏதாவது செய்துவிடுவோமோ என்ற கவலையில். முதலில் குத்துவிளக்கு. பிறகு உறுதிமொழி, வரவேற்புரை, வரவேற்றவருக்குச் சால்வை, சால்வை போர்த்தியவருக்குப் பூங்கொத்து. இத்தனையும் முடிந்து பெண்கள் முன்னேற்றத்துக்கு வரும்போது போண்டா வந்துவிடும். சூடான போண்டாவுக்கு முன்னால் எந்த முன்னேற்றமும் நிற்பதில்லை.

ஒரு முறை, குளிர்நாடு ஒன்றிலுள்ள எங்கள் சகோதரிச் சங்கம் குப்பத்துக் குழந்தைகளுக்கென்று பெட்டி நிறையக் கம்பளிக் குல்லாய் பின்னி அனுப்பியது. சுங்கத்தில் எந்த மேசைக்கு அடுத்தது எந்த மேசை என்று எனக்குத் தெரியும் என்பதால் அவற்றை நான்தான் விடுவித்தேன். சித்திரை வெயிலில் முகத்துவாரக்குப்பத்தில் பந்தல் போட்டு விநியோகித்தோம். கம்பளிக் குல்லாயோடு வரிசையாக நின்ற குழந்தைகளின் படம் அந்த நாட்டுச் சங்கத்தின் இதழில் வந்தது. ஒன்று விடாமல் எல்லாக் குழந்தைகளும் அழுதுகொண்டிருந்தன. ஆனந்தக் கண்ணீர் என்று படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தார்கள்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பெண்கள் நல்லவர்கள். அடுத்த ஆண்டு, கேக் செய்து விற்றுச் சேர்த்ததை அனுப்பி, உங்கள் ஊர்ப் பெண்களுக்கு எது தேவையோ அதைச் செய்யுங்கள் என்றார்கள். எது தேவை என்று எங்களைக் கேட்டால் தையல் இயந்திரம் என்போம். வடசென்னையில் இதுவரை வழங்கப்பட்ட தையல் இயந்திரங்களை ஒரே சமயத்தில் மிதித்தால் வங்கக் கடலுக்கே உறை தைத்துப் போட்டுவிடலாம். அந்த முறை நாங்கள் தையல் இயந்திரத்திலிருந்து தப்பியதற்குக் காரணம், எனக்கு வாடிக்கையாக மடவை தரும் மீன்காரம்மா.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு திருவொற்றியூர் சாலையோரச் சந்தைக்கு வருபவர். சிறுநீரகக் கல்லும் தொற்றுமாக இரண்டு முறை அரசு மருத்துவமனையில் படுத்து எழுந்தவர். அந்தச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து கடை கட்டும்வரை நாக்கை நனைப்பதோடு சரி.

"தண்ணி குடி, தண்ணி குடின்றாரு டாக்டரு. மூணாவது தபா வந்தா கிட்னி பூடும்ன்றாரு," என்றார் மீனை ஆய்ந்துகொண்டே. "குடிச்சுட்டு எங்கம்மா போறது? கண்டெய்னர் லாரி பின்னாலயா? டிரைவரு உள்ள தூங்கிகினு கீறான். திடீர்னு ரிவர்ஸ் எடுத்தான்னா?"

"பேப்பர்ல உன் போட்டோ வரும்க்கா," என்றாள் பக்கத்துக் கூடைக்காரி.

"வரட்டும்டி. எந்த பக்கத்து போட்டோ வரும்னுதான் பேஜாரா கீது."

நான் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். மாநகராட்சி அனுமதி, தண்ணீர் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு: எந்தக் கடிதத்தை யாருக்கு எழுதி யாருக்கு நகல் போட வேண்டும் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. சந்தைக்குப் பின்னால் இரண்டு கதவுகளோடு கழிப்பறை எழுந்தது. ஆனி மாதக் கடைசியில் வேலை முடிந்தது. எங்கள் தலைவி வந்து பார்த்துக் கண் கலங்கினார். இரண்டு கதவுக்கும் பூட்டுப் போட்டு ரோஜா நிற ரிப்பன் கட்டினார்.

தலைவியின் குடும்பம் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பாத்திர மொத்த வியாபாரம் செய்கிறது. கணக்கில் புலி. ஆனால் நல்ல நேரம் பார்க்காமல் ஒரு கரண்டியைக்கூட வெளியே அனுப்ப மாட்டார்.

"ஆடி பொறக்கப் போகுதுல்லாக்கா. ஆடியில போயி யாராச்சும் புதுசா திறப்பாங்களா?"

"ஆடியில் குடிபோகக் கூடாது என்பார்கள். இதில் யாரும் குடியிருக்கப் போவதில்லையே," என்றேன்.

"நீங்க வாதத்துக்குச் சொல்லுதீக. சங்கத்துக்கு ஆகாமப் போச்சுன்னா?"

ஆடியில் புதுமனை புகக் கூடாது என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியில் சிறுநீர் வராது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் நான் படித்ததில்லை. ஆனாலும் உறுப்பினர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். முனைவர் பட்டம் பெற்ற இருவர் கூடுதலாக ஆட்டினார்கள்.

ஆவணி பிறந்தது. சங்கத்தின் உலக நிர்வாகி ஒருவர் இந்தியா வருகிறார், அவர் கையால் திறந்தால் உலக இதழின் அட்டையில் வரும் என்று தகவல் கிடைத்தது. அவர் பயணம் தள்ளிப்போனது. நாமே திறந்துவிடலாம் என்றால் புரட்டாசி வந்துவிட்டது. பெருமாள் மாதம், பாதி ஊர் மீன் வாங்காது, படத்தில் சந்தை வெறிச்சோடித் தெரியும்.

இதற்கிடையில் நான் மீன் வாங்கப் போவது அவமானமாகிவிட்டது.

"இன்னா ஆபீசரம்மா, உங்க கக்கூஸு இன்னும் வயசுக்கு வர்லியா?" என்பார் மீன்காரம்மா. "வந்துச்சின்னா சொல்லு. மஞ்சத் தண்ணி ஊத்தி நாங்களே சீர் வெச்சிர்றோம்."

சந்தையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒரு நாள் அவர் இடம் காலியாக இருந்தது. குளிர் ஜுரம், உதறல் என்றாள் பக்கத்துக் கூடைக்காரி. மறுநாள் வந்து உட்கார்ந்திருந்தார், வீங்கிய முகத்தோடு. அன்று கழிப்பறையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மீனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த ரிப்பனைப் பார்த்தேன்.

நடைமுறை தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நல்லது என்று சொல்லி யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை. விதி என்று சொன்னால் போதும். அடுத்த கூட்டத்தில் எழுந்தேன்.

"துறைமுகத்தில் புது கிரேன் வந்தால் எடை தூக்கிச் சோதிக்காமல் அமைச்சரே வந்தாலும் இயக்க விடமாட்டோம். உலக நிர்வாகி ரிப்பன் வெட்டி உள்ளே போகிறார். ஊற்றிய தண்ணீர் போகாமல் மேலே வருகிறது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. யார் பொறுப்பு?"

போண்டாவைக் கடித்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்தக் காட்சி தலைவியின் முகத்தில் ஓடி முடிந்தது.

"பிளம்பரைக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணிருதேன்க்கா."

"ஒரு பிளம்பர் எடை ஆகமாட்டார். சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் தினமும் பயன்படுத்த வேண்டும். சாவி அவர்களிடமே இருக்க வேண்டும்."

"அப்ப அது திறப்பு ஆயிராதா?"

"ஆகாது. சோதனை ஓட்டம். சோதனைக்குப் பஞ்சாங்கம் கிடையாது."

தலைவியே முன்மொழிந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் சாவியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். மீன்காரம்மா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டெஸ்ட்டா? அப்ப இரு, லோடு ஏத்திக்கிறேன்," என்று பக்கத்துக் கடையில் தண்ணீர் பாட்டிலை வாங்கி நின்றபடியே முழுவதையும் குடித்தார். தீபாவளிக்குள் முகத்து வீக்கம் வடிந்துவிட்டது.

உலக நிர்வாகி தை மாதம் வந்தார். ஒரு வாரம் முன்னதாகவே பூட்டி, வெள்ளையடித்து வைக்க வேண்டும் என்று தலைவி சந்தைக்கே வந்து கேட்டுக்கொண்டார்.

"ஒரு வாரமா? நாங்க இன்னா கார்க் வெச்சிகினு கீறதா?" என்று கேட்டார் மீன்காரம்மா. பேரம் நடந்தது. மீன் விற்பவரிடம் பாத்திரம் விற்பவர் தோற்றார். விழா நேரத்துக்கு மட்டும் ஒரு கதவில் ரிப்பன் கட்டுவது, இன்னொன்று எப்போதும்போல் திறந்திருப்பது என்று முடிவாயிற்று.

அன்றைக்கு எண்ணூர் சாலையில் லாரிகள் நகரவில்லை. விருந்தினரின் கார் அவற்றுக்கு நடுவே நெடுநேரம் மாட்டிக்கொண்டது. இங்கே ஒரு கதவுக்குப் பெரிய வரிசை. ஒருவழியாக விருந்தினர் வந்து இறங்கினார், நரைத்த தலையோடு நெட்டையாக ஓர் அம்மாள். மாலை, சால்வை, நாதஸ்வரம். தட்டில் கத்தரிக்கோல் நீட்டப்பட்டது. தலைவி மைக்கில் உலகச் சகோதரித்துவம் பற்றிச் சொல்லி முடிக்கவும், ரிப்பன் கட்டிய கதவுக்குள்ளே வாளித் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

தலைவி போய் மெல்லத் தட்டினார்.

"ஆள் கீது! இன்னா அவசரம்?"

மீன்காரம்மாவின் குரல். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் நாதஸ்வரத்தைக் கீழே இறக்கிவிட்டார். விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பொருள் எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஓர் அடி பின்னால் நகர்ந்து, கத்தரிக்கோலோடு வரிசையில் நிற்பவரைப்போல் நின்றார். கதவு திறந்தது. மீன்காரம்மா கொடித் துணிக்கு அடியில் குனிவதுபோல் ரிப்பனுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், விருந்தினரின் முகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார்.

"நீ போம்மா மொதல்ல. தண்ணி நல்லா வருது."

அந்த அம்மாள் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு அதேபோல் குனிந்து உள்ளே போனார். அவர் வெளியே வந்த பிறகு, இரண்டு நாட்டு மக்களும் பயன்படுத்தி முடித்திருந்த அந்தக் கழிப்பறையைக் கைதட்டலுக்கிடையே திறந்துவைத்தார்.

எல்லோரும் காருக்குக் கிளம்பும்போது தலைவி மீன்காரம்மாவிடம் கையை நீட்டினார். "சாவியைத் தந்திருங்க. பராமரிப்புக் குழு போட்டதும் முறைப்படி ஒப்படைப்போம்."

மீன்காரம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். என் பக்கம் திரும்பினார். "ஆபீசரம்மா, டெஸ்ட் முடிஞ்சிச்சா?"

"இல்லை," என்றேன். "மழைக்காலச் சோதனை ஆயிற்று. கோடைக்காலச் சோதனை பாக்கி இருக்கிறது."

தலைவிக்கு விதி என்றால் மரியாதை. கையை இழுத்துக்கொண்டார். கோடைகள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன. சோதனை முடிந்ததாக நான் இதுவரை தீர்மானம் எழுதவில்லை.