மூணு குடை மார்க்

என் சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை. வயதாகிவிட்டது, சர்க்கரை வந்துவிட்டது, விட்டுத்தள்ளு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்குகிற மூணு குடை மார்க் மல்லாட்டை உருண்டையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மூன்று குடைகளையும் வரைந்தது என் அம்மா.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் அது ஆரம்பித்தது. வேர்க்கடலையை வறுப்பது, புடைப்பது, பாகு காய்ச்சுவது, கடைகளில் கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் அம்மா. விழுப்புரத்துக்கு எடுத்துப்போனது மட்டும் சித்தப்பா. மார்க்கைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று சொன்னவரும் அவரே. "நான் பாத்துக்கிறேன் அண்ணி, நீங்க அலையாதீங்க" என்றார். நன்றாகவே பார்த்துக்கொண்டார். விண்ணப்பத்தில் உரிமையாளர் என்று தன் பெயரை எழுதினார். ஆட்சேபம் இருந்தால் நான்கு மாதத்துக்குள் சொல்லலாம் என்று அரசாங்க இதழில் அது வெளியானபோது, அம்மா பாகு கிண்டிக்கொண்டிருந்தாள். அப்படி ஓர் இதழ் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

பதிவு கைக்கு வந்தபிறகு, போகிக்கு முதல்நாள் வீட்டுக்கு வந்து தங்கினார். எனக்கு எட்டு வயது. ஒரு போகி மேளம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அம்மா கடைக்குப் போன நேரத்தில் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கி, எரிக்க வைத்திருந்த பழைய பாய்களுக்கு அடியில் போட்டார். "இந்தக் குப்பைய வச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க? காலையில நீயே எரிச்சிடு கண்ணு."

எங்கள் தெருவில் என் நெருப்புதான் உயரமாக எரிந்தது. அச்சாபீஸ் ரசீது, முதல் லேபிள்கள், கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்ட பில்கள் எல்லாம் அதில் போயின. சமத்து என்று சித்தப்பா முதுகில் தட்டினார். நான் பூரித்துப்போனேன்.

பொங்கல் கழிந்ததும் அவருடைய வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த மார்க்கை அம்மா பயன்படுத்தக் கூடாதாம். அவள் பழைய காகிதங்களைத் தேடிப் பரண் ஏறினாள். "அதெல்லாம் நான்தாம்மா எரிச்சேன், சித்தப்பா எறக்கிக் குடுத்தாரு" என்றேன் பெருமையாக. அம்மா ஏணியிலிருந்து இறங்கி, நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் என்னையும் அழைத்துப்போனாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "பதிவு அவர் பேர்ல இருந்தாலும், அவருக்கு முன்னாடியிருந்தே நீங்க வித்துக்கினு வர்றீங்கன்னு காட்டிட்டா உங்கள நிறுத்த முடியாதுங்க. பதிவையே ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். ஆனா ஆதாரம் வேணும். பழைய பில்லெல்லாம் இன்னாச்சு?"

"போகிக்கு நான்தான் சார் எரிச்சிட்டேன்" என்றாள் அம்மா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் செய்த வேலையை, வாய் கூசாமல், தான் செய்ததாகச் சொல்கிறாள். திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் அவளைப் பிடுங்கி எடுத்தேன். வீட்டுக்கு வந்தும் நான் அவளோடு பேசவில்லை. எரித்தது நான்தான் என்று எனக்காகச் சாட்சி சொல்ல சித்தப்பா ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.