நர்ஸம்மாவின் ஒரே நோயாளி

டிரைவிங் ஸ்கூலில் அவனுக்கு ‘ரெண்டாம் பிரேக்’ என்று பெயர். கற்றுக்கொள்கிறவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றுவதுதான் தொழில். கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று நாள் முழுக்க அடுத்தவர் உயிரை வாங்குவான். வீட்டில் தன் முதுகுக்குப் பின்னால் நடந்தது மட்டும் ஐயாவுக்குத் தெரியவில்லை.

அம்மா காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இப்போது மறதி நோய். பெற்ற பிள்ளையை மறந்துவிட்டாள், பார்த்த வேலையை மறக்கவில்லை. பிரஷர் மாத்திரையை நீட்டினால், “நர்ஸுக்கு எதுக்குப்பா மாத்திரை?” என்று கையைத் தட்டிவிடுவாள். கெஞ்சினான், கொஞ்சினான், ஒருநாள் கத்தியும் தொலைத்தான். கடைசியில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பொடி பண்ணிப் பாலில் கலக்க ஆரம்பித்தான். தன்னைப் போல் கெட்டிக்காரன் இல்லை என்று நினைப்பு வேறு.

பிரஷர் இம்மியும் இறங்கவில்லை. வெளியூர் அக்கா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: “அடுத்த செக்கப்லயும் இறங்கலைன்னா முதியோர் ஹோம்ல சேத்துடலாம். ஒரு மாத்திரை குடுக்கத் துப்பில்ல, நீ எங்க அம்மாவைப் பாத்துக்கப் போறே.”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் தான் மட்டும் படுத்து எழுவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரம் வண்டியில் அவனுக்குத் தலை சுற்றிக் கண் இருட்டியது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஓட்டிப் பழகும் பல் டாக்டரம்மா, முதன்முறையாக ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி, அவனைக் கைத்தாங்கலாக மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் பிரஷர் பார்த்தார்.

“ரொம்பக் கம்மியா இருக்கே. பிரஷர் மாத்திரை ஏதாவது போடறீங்களா?”

“எனக்கு எதுக்குங்க? எங்கம்மாவுக்குத்தான்...” சொல்லும்போதே பொறி தட்டியது.

மறுநாள் காலை வழக்கம்போல் மேஜையில் அம்மாவுக்கும் தனக்குமாக இரண்டு கப் பால் வைத்துவிட்டு, பீரோ கண்ணாடி முன்னால் தலை வாருவதாகப் பாவலா காட்டினான். கண்ணாடிக்குள் அம்மா சத்தமில்லாமல் கப்பை மாற்றி வைத்தாள்.

“மருந்து கலந்தது பேஷண்டுக்கு. அதைக் கொண்டாந்து எங்கிட்ட வெக்கிறான், வேலை தெரியாதவன்” என்று முணுமுணுத்தாள்.

சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பாலைக் கொட்டிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தான். பக்கத்தில் வந்த அம்மாவிடம் புது மாத்திரையை நீட்டினான்.

“சிஸ்டர், டியூட்டிக்கு வர்ற நர்ஸுங்க முதல்ல இதைப் போட்டுக்கணுமாம். பெரிய டாக்டர் ஆர்டர்.”

மறுபேச்சில்லாமல் வாங்கி முழுங்கினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் நோயாளி. பிரஷர் இறங்கியது, அக்காவும் வாயை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“இப்படி இளைச்சுப் போயிருக்கியே. கூட யாரும் வரலையா?”

“எங்கம்மா இருக்காங்க சிஸ்டர்.”

“எங்க? என் கண்ணுலயே படலையே. வரட்டும், நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்.”

“திட்டாதீங்க சிஸ்டர். அவங்க என்னை நல்லாத்தான் பாத்துக்கறாங்க.”

அவள் நம்பவில்லை. போர்வையை இழுத்து அவன் கழுத்து வரை போர்த்திவிட்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.